டிராம் ஏறாத காதல் பாடல்கள்

1907 வசந்தத்தில், ட்ரியெஸ்ட் துறைமுக நகரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்த 25 வயது ஐரிஷ்காரர் ஒருவர், தம்முடைய முதல் புத்தகத்தை வெளிவராமல் தடுத்துவிடப் பார்த்தார். லண்டனில் அச்சு வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 'நிறுத்திவிடுங்கள்' என்று பதிப்பாளருக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாடல்கள் எல்லாமே பொய் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தம்பி ஸ்டானிஸ்லாஸ் கூடவே நடந்து, வாதாடி, அவர் மனத்தை மாற்றினார். மே மாதம் புத்தகம் வந்தது. 36 காதல் பாடல்கள், விலை ஒன்றரை ஷில்லிங், அச்சிட்டது 509 பிரதி. பெயர் 'சேம்பர் மியூசிக்'. எழுதியவர் ஜேம்ஸ் ஜாய்ஸ்.

'யுலிசஸ்' நாவலைக் கேள்விப்பட்டவர்களுக்குக்கூட இந்த நூல் அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தவர்களும் இளமையில் கைப்பழக்கத்துக்கு எழுதியது என்று ஒரு வரியில் கடந்துவிடுவதுண்டு. ஆனால் இந்தப் பாடல்களில் என்ன இருக்கிறது என்பதைவிட, எவையெல்லாம் கவனமாக விலக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால் விஷயம் சுவையாகிறது. விலக்கியதையெல்லாம் அவர் தூர எறிந்துவிடவில்லை. உரைநடைப் பக்கம் ஒதுக்கிவைத்தார்.

பாடல்களில் பெரும்பாலானவை 1901க்கும் 1904க்கும் இடையே டப்ளினில் எழுதப்பட்டவை. அதற்கு முன்பே 'மூட்ஸ்', 'ஷைன் அண்ட் டார்க்' என்று இரண்டு கவிதைத் தொகுதிகளை அவர் எழுதிப் பார்த்திருந்தார். அவை பெரும்பாலும் தொலைந்துபோயின. மிஞ்சிய சில துண்டுகளுக்கும் தம்பிதான் காரணம். அண்ணன் எழுதிய தாள்களின் பின்பக்கத்தைத் தாம் எழுதப் பயன்படுத்திக்கொண்டதால் முன்பக்கம் தப்பியது. வீட்டில் வறுமை, அப்பாவுக்குக் குடி, நோய்ப்பட்ட அம்மா. அந்த வீட்டில் உட்கார்ந்து பையன் எழுதியதோ எலிசபெத் ராணி காலத்துப் பாணியில் யாழிசைப் பாட்டு.

அந்தப் பாணி மேல் அவருக்கு இருந்தது வெறும் புத்தக மோகமல்ல. நல்ல டெனர் குரல் அவருக்கு. 1904 மே மாதம் 'ஃபெஷ் கியோல்' என்ற இசைப் போட்டியில் பாடினார். நடுவர் லூய்ஜி டென்ஸா, 'ஃபுனிகுலி ஃபுனிகுலா'வுக்கு மெட்டமைத்தவர். போட்டிக்குரிய இரண்டு பாட்டையும் ஜாய்ஸ் அருமையாகப் பாடி முடித்தார். முன்பின் பார்த்திராத இசைக்குறிப்பைக் கையில் கொடுத்து உடனே பாடச் சொன்னதும், மறுத்துவிட்டு மேடையைவிட்டு இறங்கிவிட்டார். கடைசியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அடுத்த மாதமே லண்டனில் பழங்கால இசைக் கருவிகள் செய்துகொண்டிருந்த ஆர்னால்ட் டோல்மெட்ச்சுக்குக் கடிதம் எழுதி, தனக்கு ஒரு லூட் வேண்டும் என்று கேட்டார். அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் தென்கரையோரம் ஊர் ஊராகப் பழைய பாட்டுகள் பாடிப் போவதாகத் திட்டம். லூட் கிடைக்கவில்லை. பல வருடம் கழித்து 'யுலிசஸ்' நாவலில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஸ்டீபன் டெடாலஸ் லியோபோல்ட் ப்ளூமிடம் அதே டோல்மெட்ச்சிடமிருந்து 65 கினிக்கு லூட் வாங்கும் யோசனையைச் சொல்லிக்கொண்டு நடப்பான். இந்த எழுத்தாளர் எதையும் வீணாக்குவதில்லை.

1902 கடைசியில் மருத்துவம் படிக்கப்போகிறேன் என்று பாரிஸுக்குக் கிளம்பினார். படிப்பு நிலைக்கவில்லை. ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து பென் ஜான்சனை வரிவரியாகப் படித்தார். அந்த டிசம்பரில் தன் புகைப்படத்தை அஞ்சலட்டையாக அச்சடித்து டப்ளின் நண்பர்களுக்கு அனுப்பினார். ஜே. எஃப். பைர்ன் என்ற நெருங்கிய நண்பருக்குப் போன அட்டையில் ஒரு கவிதை இருந்தது. நாள் முழுக்கக் கேட்கும் நீரின் ஓசை, தனியே பறக்கும் கடற்பறவை, குளிர்காற்று. பின்னாளில் தொகுப்பின் 35ஆம் பாடலாக அச்சானது அது. வின்சென்ட் காஸ்கிரேவ் என்ற இன்னொரு நண்பருக்குப் போன அட்டையில் பாரிஸ் வேசியரைப் பற்றிக் கொச்சை லத்தீனில் சேட்டைக் குறிப்பு. பைர்ன் பெருமையாகத் தன் அட்டையைக் காஸ்கிரேவிடம் காட்ட, அவர் பதிலுக்குத் தன் அட்டையை நீட்ட, பைர்னுக்கும் ஜாய்ஸுக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. ஒரே கை, ஒரே ஊர், ஒரே படம். அந்த இரண்டு அட்டைகளையும் ஒன்றாக ஒட்டுகிற வழி 20 வயதில் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூத்தவர்கள் இவரைக் கண்டுகொள்ளாமல் இல்லை. டபிள்யூ. பி. யேட்ஸ் 1902 டிசம்பரில் எழுதிய கடிதத்தில் தொழில்நுட்பத்தைப் பாராட்டிவிட்டு, எண்ணம் சற்று மெலிவு என்றார். தன் வாத்தியத்தில் விரலோட்டிப் பழகும் இளைஞனின் கவிதை இது என்று சொன்னார். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதைவிடச் சரியான மதிப்பீடு வரவில்லை என்றே தோன்றுகிறது. லண்டனில் ஆர்தர் சைமன்ஸ் என்ற கவிஞர், விமர்சகருக்கு ஜாய்ஸை அறிமுகப்படுத்தியதும் யேட்ஸ்தான். புத்தகம் வெளிவரச் சைமன்ஸ்தான் கடைசிவரை மல்லுக்கட்டினார். கையெழுத்துப் பிரதி முதலில் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பதிப்பாளரிடம் போனது. அவர் நொடித்துப்போனதோடு பிரதியையும் தொலைத்துவிட்டார். வேறு சிலர் கைவிரித்தபின் சைமன்ஸ் சொல்லி எல்கின் மேத்யூஸ் ஏற்றுக்கொண்டார். யேட்ஸின் 'தி விண்ட் அமங் தி ரீட்ஸ்' தொகுப்பை 1899இல் போட்டவர் அவர்.

சரி, பாடல்களில் என்ன இருக்கிறது? ஆற்றங்கரையில் வில்லோ மரங்கள், குனிந்த தலையோடு இசைக்கும் ஒருவன். அந்தி நிறம் மாறும் நேரம், பழைய பியானோவின் மஞ்சளேறிய கட்டைகள் மேல் கவிந்த ஒரு பெண். ஜன்னலோரம் பாடும் பொன்முடியாள், அவள் குரல் கேட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு அறையைவிட்டு வெளியே வரும் காதலன். பாதித் தொகுப்புவரை ஏக்கமும் கூடலும். பிறகு நண்பன் ஒருவன் குறுக்கிட, காதல் தேய்ந்து குளிர்காலம் வருகிறது. 14ஆம் பாட்டுதான் நடு உச்சி என்றும், அதன் பிறகு எல்லாமே இறக்கம்தான் என்றும், 34ஆம் பாட்டோடு நூல் உண்மையில் முடிந்துவிடுகிறது என்றும், கடைசி இரண்டும் வால்பாட்டுகள் என்றும் ஜாய்ஸே 1909இல் ஜெஃப்ரி மாலினோ பாமர் என்ற இசையமைப்பாளருக்கு விளக்கி எழுதினார். விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. அச்சில் நாம் காணும் வரிசையை அமைத்தவர் ஸ்டானிஸ்லாஸ் என்பதுதான் இதில் வேடிக்கை. அண்ணனுக்கு அந்த நேரத்தில் அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை.

இந்த 36 பாட்டிலும், 31ஆம் பாட்டில் வரும் டோனிகார்னியைத் தவிர, ஊர்ப் பெயர் கிடையாது, தெருப் பெயர் கிடையாது, அவளுக்கும் பெயர் கிடையாது. தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சுட்டாத மரபில் வந்தவர்கள் நாம். ஆனால் சங்கப் புலவன் பெயரைத்தான் விட்டான். நண்டு, புன்னை, நெய்தல், மீன் உலர்த்தும் முற்றம் எல்லாவற்றையும் அங்கேயே வைத்திருந்தான். இளம் ஜாய்ஸின் தோட்டத்தில் எந்த நாட்டிலும் வளரக்கூடிய மரங்கள்தான் இருக்கின்றன. டப்ளின் அங்கே மணப்பதே இல்லை.

அதற்கு நேரடியான காரணம் ஒன்று உண்டு: எழுதிய காலத்தில் காதலி இல்லை. நோரா பார்னக்கிளை அவர் சந்தித்தது 1904 ஜூன் 10 அன்று. முதன்முதலாகச் சேர்ந்து உலாவப் போனது ஜூன் 16 அன்று. 'யுலிசஸ்' நிகழும் நாள். அதற்குள் பெரும்பாலான பாடல்கள் எழுதி முடிந்துவிட்டன. இரவில் தனியே சுற்றித் திரிந்த பையனாக, என்றாவது ஒரு பெண் என்னை விரும்புவாள் என்று நினைத்து எழுதியவை அவை என்று 1909இல் நோராவுக்கே ஜாய்ஸ் ஒரு கடிதத்தில் சொன்னார். அந்த ஆண்டு இறுதியில் டப்ளினில் 'வோல்டா' திரையரங்கத்தைத் திறக்கும் வேலைக்கு நடுவே, முழுத் தொகுப்பையும் தோற்காகிதத்தில் தன் கையால் எழுதி ட்ரியெஸ்ட்டில் இருந்த அவருக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அனுப்பினார். யாருக்கென்று தெரியாமல் எழுதிய கடிதத்தில் பிற்பாடு முகவரி எழுதிச் சேர்த்தது போல.

ஆனால் அந்தப் பாடல்களுக்குப் பின்னால் நிஜ மனிதர்களே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வாழ்க்கை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் எல்மன் சொல்லும் சம்பவம் ஒன்று. ஓர் உலாவில் மேரி ஷீஹி என்ற பெண், நிலா அழுவது போலிருக்கிறது என்றாராம். முக்காடிட்ட, கொழுத்த, குஷியான கபூச்சின் துறவியின் முகம் போலிருக்கிறது என்றாராம் ஜாய்ஸ். பிறகு சிகரெட் பெட்டியைக் கிழித்து அதிலேயே ஒரு பாட்டெழுதினார். அது தொகுப்பின் 12ஆம் பாடல். முக்காடிட்ட நிலாவும் கபூச்சின் துறவியும் பாட்டில் இருக்கிறார்கள். பேச்சுக்குப் பேச்சு வாயாடியது இல்லை. சிகரெட் பெட்டி இல்லவே இல்லை.

அந்தப் பெட்டி எங்கே போனது? 1916இல் நூலான 'எ போர்ட்ரெயிட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்' நாவலின் ஐந்தாம் அத்தியாயத்துக்கு. விடிகாலையில் விழித்த நாயகன் ஸ்டீபன் மனத்தில் ஒரு வில்லனெல் கவிதை ஊறிவருகிறது. எழுதத் தாள் தேடுகிறான். முந்தைய இரவு சாப்பிட்ட தட்டும் மெழுகுத் திரியும் மேசைமேல் கிடக்கின்றன. கோட்டுப் பையைத் துழாவுகிறான். கிடைப்பது சிகரெட் பெட்டி. அதில் மிஞ்சிய கடைசி சிகரெட்டை ஜன்னலோரம் எடுத்துவைத்துவிட்டு அட்டையில் எழுதத் தொடங்குகிறான். கவிதை நாவலில் முழுதாக அச்சாகியிருக்கிறது. ஜாய்ஸ் இளமையில் எழுதிய பழைய கவிதைதான் அது என்கிறார் ஸ்டானிஸ்லாஸ். கவிதை பரவாயில்லை. சுற்றியிருக்கும் பக்கங்கள் அற்புதம்.

இதைவிடக் கூர்மையான இடம் அதே நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. சிறுவன் ஸ்டீபன் ஒரு விருந்து முடிந்து கடைசி டிராமில் ஒரு பெண்ணோடு வீடு திரும்புகிறான். அவள் மேல்படிக்கு ஏறி அவன் நிற்கும் படிக்கு வருகிறாள், கீழே இறங்குகிறாள், மறுபடியும் ஏறி வருகிறாள். முத்தமிட்டிருக்கலாம். அவன் சும்மா நிற்கிறான். மறுநாள் புது நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, தலைப்பில் அவள் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு, அதைக் கவிதையாக்க முயல்கிறான். யோசிக்க யோசிக்க, சாதாரணமானவை என்று அவனுக்குப் பட்டதெல்லாம் காட்சியிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்கின்றன. டிராம் போயிற்று. டிராம்காரர்கள் போனார்கள். குதிரைகள் போயின. கடைசியில் அவனும் அவளும்கூடத் தெளிவாக இல்லை. இரவும் தென்றலும் நிலவொளியும்தான் மிச்சம். எழுதி முடித்ததும் நோட்டை ஒளித்துவைத்துவிட்டு அம்மாவின் அறைக்குப் போய்க் கண்ணாடியில் தன் முகத்தை நெடுநேரம் பார்க்கிறான்.

'சேம்பர் மியூசிக்' நூலுக்கு எழுதப்பட்ட விமர்சனங்களிலேயே கறாரானது இந்தப் பக்கம்தான். கவிதையை ஜாய்ஸ் இங்கே நமக்குக் காட்டவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டிராமைக் காட்டுகிறார், கண்ணாடியைக் காட்டுகிறார்.

இதனால் அவர் முதலில் கவிஞராக இருந்து, பிறகு திருந்தி நாவலாசிரியர் ஆனார் என்று முடிவுகட்டினால் தவறு. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. 1904 ஆகஸ்ட் ஒரு மாதத்தை மட்டும் பார்ப்போம். 'டானா' இதழில் ஒரு காதல் பாட்டு வருகிறது. அதற்குச் சன்மானம் கேட்டு வாங்கிய ஒரே ஆள் இவர்தான் என்ற கேலியைப் பின்னாளில் 'யுலிசஸ்' நாவலிலேயே ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்தார். 13ஆம் தேதி, 'ஐரிஷ் ஹோம்ஸ்டெட்' என்ற விவசாயிகள் வார இதழில் 'தி சிஸ்டர்ஸ்' சிறுகதை ஸ்டீபன் டெடாலஸ் என்ற புனைபெயரில் வருகிறது. பக்கவாதத்தில் இறந்துபோன பாதிரியார், சந்தேகப் பார்வையோடு பேசும் பெரியவர்கள். 27ஆம் தேதி ஏன்ஷியன்ட் கான்சர்ட் ரூம்ஸ் அரங்கில், பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஜான் மெக்கார்மக்கோடு ஒரே மேடையில் ஜாய்ஸ் பாடுகிறார். அதே ஆண்டில் 'தி ஹோலி ஆஃபீஸ்' என்ற வசைக் கவிதையையும் எழுதினார். மற்றக் கவிஞர்கள் சுகமாகக் கனவு காண, அவர்களுடைய அழுக்கைச் சுமக்கும் சாக்கடை வேலை தனக்கு என்று அதில் சொல்லிக்கொண்டார். அந்தக் கனவுக் கவிஞர்களில் ஒருவர் அவருடைய கையெழுத்துப் பிரதிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

தெரிந்திருந்தது. 1906இல் தொகுப்பு இன்னும் அச்சேறாத நிலையில் 'எ லிட்டில் கிளவுட்' கதையை எழுதினார். குமாஸ்தா சாண்ட்லர் பாலத்தின் மேல் நடந்தபடியே, தான் இன்னும் எழுதியிராத கவிதைகளுக்கு ஆங்கில விமர்சகர்கள் என்ன மதிப்புரை தருவார்கள் என்று வாக்கியம் வாக்கியமாகக் கற்பனை செய்கிறான். வீட்டில் குழந்தை வீரிட்டு அழுகிறது. கையில் பைரன் கவிதை. படித்து முடிக்க வழியில்லை. தன்னைத்தானே இவ்வளவு இரக்கமில்லாமல் கிண்டல் செய்துகொண்டவர், அடுத்த ஆண்டு புத்தகத்தை நிறுத்தப் பார்த்ததில் வியப்பில்லை.

தலைப்பு பற்றிய கதையையும் சொல்லிவிட வேண்டும். நண்பர் கோகார்ட்டியோடு ஒரு விதவையின் வீட்டில் ஜாய்ஸ் கவிதை படித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் திரைக்குப் பின்னால் போய் இரவுச் சட்டியை உபயோகிக்க, அந்த ஓசை கேட்டுக் கோகார்ட்டி, 'இதோ உனக்கு ஒரு விமர்சகர்' என்றாராம். சேம்பர் என்ற ஆங்கிலச் சொல் அந்தச் சட்டியையும் குறிக்கும். தலைப்பை ஏற்கெனவே சொல்லியிருந்தவர் ஸ்டானிஸ்லாஸ். சங்கதியைக் கேட்டு, நல்ல சகுனம் என்றாராம் அவர். ப்ளூமும் 'யுலிசஸ்' நாவலின் இசை அத்தியாயத்தில் இதே சிலேடையை நினைத்துக்கொள்வான்.

புத்தகம் வந்ததும் சைமன்ஸ் 'நேஷன்' இதழில் பாராட்டி எழுதினார். டப்ளினில் டாம் கெட்டில் மதிப்புரை செய்தார். நிலாவைப் பார்த்து அழுகிறது என்ற மேரி ஷீஹியை இரண்டாண்டு கழித்து மணந்தவர் இவர்தான். விற்பனை மந்தம். ஆனால் அதே ஆண்டு செப்டம்பருக்குள் 'தி டெட்' எழுதி முடிக்கப்பட்டது. மாடிப்படியில் நின்று எங்கோ யாரோ பாடும் பழம்பாட்டைக் கேட்கிறாள் கிரெட்டா. கீழே நின்று அவளைப் பார்க்கிறான் கணவன் கேப்ரியல். தூரத்துக் குரல், கேட்டு உருகும் பெண், பிரிவு, இறந்துபோன காதலன், குளிர்காலம்: 'சேம்பர் மியூசிக்' நூலின் சரக்கு அத்தனையும் இங்கே இருக்கிறது. கூடவே வறுத்த வாத்தும், ரப்பர் காலணியும், சொற்பொழிவுக் குறிப்பும், வாடகை வண்டியும் இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு ஊர் இருக்கிறது, கால்வே. பெயர் இருக்கிறது. கதையின் கடைசிப் பத்தியில் பனி விழும் வாக்கியங்களின் தாளத்தை வாய்விட்டுப் படித்தால், வாத்தியத்தில் விரலோட்டிய அந்த ஆண்டுகள் எதற்கு உதவின என்று காதுக்குத் தெரியும்.

கவிதைகளைக் கவிதைகளாகவே எடைபோட்டால் என் கணக்கில் தேறுவது ஏழெட்டு. அவற்றிலும் முதலிடம் 36ஆம் பாட்டுக்கு. கடலிலிருந்து ஒரு படை எழுந்து வருகிறது. ரதங்கள், நுரை, சாட்டை வீச்சு, பச்சைக் கூந்தல், தூக்கத்தில் கேட்கும் போர்க்கூச்சல். கடைசியில்தான் காதலியை நோக்கி ஒரு கேள்வி. இங்கே தோட்டமும் இல்லை, லூட்டும் இல்லை. கெட்ட கனவு மட்டும் இருக்கிறது. 1913 கடைசியில் இந்தப் பாட்டைப் பற்றி யேட்ஸ் கவிஞர் எஸ்ரா பவுண்டிடம் சொன்னார். பவுண்ட் உடனே ஜாய்ஸுக்கு எழுதி, 'டே இமாஜிஸ்த்' தொகுப்பில் அதைச் சேர்க்க அனுமதி கேட்டார். வேறென்ன வைத்திருக்கிறீர்கள் என்று தொடங்கிய கடிதப் போக்குவரத்தில், 'போர்ட்ரெயிட்' நாவல் 1914 பிப்ரவரி 2 முதல் 'தி ஈகோயிஸ்ட்' இதழில் தொடராக வரத் தொடங்கியது. அன்று ஜாய்ஸுக்கு 32ஆவது பிறந்தநாள். ஒன்பது ஆண்டுகளாகப் பதிப்பாளர்கள் இழுத்தடித்த 'டப்ளினர்ஸ்' கதைகளும் அந்த ஜூனில் நூலாயின. நாவலாசிரியருக்கு வாசலைத் திறந்துவிட்டது அவர் நிறுத்தப் பார்த்த புத்தகத்தின் கடைசிப் பக்கம்.

மற்றப் பாடல்களைப் பொறுத்தவரை, ஜாய்ஸ் அவற்றைப் பற்றி நினைத்ததே சரி. இவை காதல் கவிதைகளே அல்ல என்று நூல் வரும் முன்பே தம்பிக்கு எழுதினார். பழைய ஆங்கில இசை தெரிந்த யாராவது மெட்டமைத்தால் நன்றாக இருக்கும் என்பதே அவர் ஆசை. பாமர் 32 பாடல்களுக்கு மெட்டுப் போட்டார். சாமுவேல் பார்பர் 1930களில் சிலவற்றுக்கு இசையமைத்தார். 'பிங்க் ஃபிளாய்ட்' குழுவிலிருந்து விலகியிருந்த சிட் பாரெட், பொன்முடியாள் பாட்டைக் கிதாரோடு முணுமுணுத்து, 1970இல் வெளிவந்த தன் தனி இசைத்தட்டில் சேர்த்தார். பக்கத்தில் வெளிறித் தெரிகிற வரிகள் குரலில் ஏறியதும் உயிர்பெறுகின்றன.

ஜாய்ஸைப் படிக்க எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு சிபாரிசு. பார்பரின் மெட்டில் 36ஆம் பாட்டை முதலில் கேளுங்கள். தொகுப்பை ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், சின்ன நூல்தான். பிறகு 'போர்ட்ரெயிட்' நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் அந்த டிராம் பயணத்தை எடுத்துப் படியுங்கள். 'யுலிசஸ்' நாவலைத் திறக்க அதற்கப்புறம் பயம் இருக்காது.